ஊக்குகளின் தயவில்

பனிப்புயல் என்று பள்ளிக்கு விடுமுறை விட்டுவிட்டார்கள்.
பேருந்துச் சாவி ஆணியில் தொங்குகிறது.
இன்றைக்கு ஒன்றையாவது முடித்துவிடுவதென்று
மாடியறைக் கதவைத் திறந்தேன்.
கடன் கொடுத்தவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பதுபோல்
ஏழு பெட்டிகள்.

நீல மூடி போட்டதில் ரஸ்ஸலின் கல்யாணப் போர்வை.
மோதிரத்துக்குள் மோதிரம் கோத்த ஒட்டுவேலை.
முப்பத்தாறில் ஐந்து மோதிரத்தைச் சுற்றித்தான்
தையல் ஓடியிருக்கிறது,
மற்றதெல்லாம் ஊக்குகளின் தயவில் நிற்கிறது.
அதற்குள் அவன் விவாகரத்தே வாங்கிவிட்டான்.
வக்கீலுக்கு என்னைவிடக் கைவேகம்.

அடுத்தது தொட்டிலுக்கு. மஞ்சள் வாத்துகள்.
ஒன்றுக்கும் அலகு வைக்கவில்லை.
அந்தத் தொட்டிலில் கிடந்தவள் இப்போது
என் பேருந்தின் கடைசி இருக்கையில் உட்கார்ந்து
கண்ணாடியில் ஆவி ஊதி
எவனுடைய பெயரையோ எழுதி அழிக்கிறாள்.

மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம்.
நான்காவது, மூன்றாவதில் மிஞ்சிய துணி.

கீழே அடுப்பருகே ஆர்டன்
நண்டுப்பொறிக்கு வலை பின்னுகிறான்.
சிங்கிறாலுக்கு வாய் ஒரு கண்ணி கூடியும் போகாது,
குறைந்தும் போகாது.
ஒன்றை முடிச்சிட்டு அறுத்த பிறகுதான்
அடுத்ததற்குக் கை நீட்டுவான்.
முப்பத்தொரு வருஷமாக இப்படி ஒருவனோடு
குடித்தனம் நடத்துகிறேன்.
இந்த வாரக் காற்றில் அவன் பொறிகளில் பாதி
பாறையில் மோதிச் சிதறியிருக்கும்.
அதை நான் சொல்லிக்காட்டவில்லை.

விரலுறை மாட்டினேன். ஊசியில் நூல் கோத்தேன்.
ஆறாவது மோதிரம்.
நான்கு அங்குலம் தைத்தேன், சத்தியமாக.

அப்புறம் சட்டைப்பையில் அது இடித்தது.
வியாழக்கிழமை தேவாலயக் கூடத்தில்
கோரா ரிட்ஸி என் உள்ளங்கையில் வைத்தது:
ஒரு விரல் நீளம், இரு முனையும் கூர்,
வயிற்றில் வெள்ளை நூல் சுற்றிய ஓடம்.
"இதை வைத்துப் பின்னல்விளிம்பு போடலாம், வெர்னா.
சும்மா பார், எடுத்துக்கொள்ளாதே" என்றாள்.
குடிகாரனிடம் புட்டியை முகரக் கொடுப்பவள் அவள்.
போன வருஷம் ஜப்பான்காரர்களின் ஓட்டத்தையலும்
அதற்கு முந்தின வருஷம்
கம்பளத்துக்குக் கந்தல் குத்தும் கொக்கியும்
அவள் கைவழியே வந்தவைதான்.
ஐந்தாவது ஆறாவது பெட்டிகளில் இருக்கின்றன,
சுகமாக.

தொடங்குவதில் ஒரு வாசனை உண்டு.
கடைத்துணியின் கஞ்சி மணம், பிரிக்காத நூல்கண்டு,
இன்னும் ஒரு தப்பும் செய்யாத கை.
நடுவில் வெறும் தையல்தான் இருக்கிறது.

நாலு மணிக்கு மின்சாரம் போனது.
இருட்டியபின் வீடு முழுக்கக் குளிர் ஏறியது.
சொன்னால் சிரிப்பீர்கள்:
நாற்பது போர்வை தைத்து முடித்தவள் வீட்டில்
எடுத்துப் போர்த்த ஒன்று இல்லை.
முடிந்ததெல்லாம் ஊரார் கட்டில்களில்.
நீல மூடியைத் திறந்தேன்.

"ஐயோ!"
"அசையாதே. இருநூறு ஊக்கு இருக்கிறது."
"யாருக்குத் தைத்தது?"
"ரஸ்ஸலுக்கு. கல்யாணத்துக்கு."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பனி ஜன்னலில் மணல்போல் உரசியது.
"நமக்கு யாரும் ஒன்று தைத்துத் தரவில்லை, இல்லையா?"
என்றான்.
தரவில்லை.
அவன் அம்மா ஒரு கெண்டி தந்தாள், ஒழுகியது.

இரண்டு பேரும் பலகைபோல் மல்லாந்து கிடந்தோம்.
திரும்பினால் குத்தும்.
திரும்பாதவரை நல்ல கதகதப்பு.
அவன் மூச்சு தாழ்ந்து சீரானதும்
மெல்லக் கையை நீட்டி
நாற்காலியில் கிடந்த சட்டையைத் துழாவினேன்.
இந்த வேலைக்கு வெளிச்சம் தேவையில்லையாம்,
கோரா சொன்னாள், விரலுக்கே தெரியுமாம்.
ஒரு சுருக்கு. அதனுள் ஓடம்.
இழுத்தால் முடிச்சு புரண்டு விழ வேண்டும்.
விழவில்லை. மறுபடி.

"காலையில் முடித்துவிடுவேன்" என்றேன்
அவன் தூங்கிவிட்டான் என்று நினைத்து.
"சரி" என்றான் இருட்டிலிருந்து.
எதை என்று கேட்கவில்லை.