பிராம் முடிந்து முட்டை கேட்டவர்கள்

பன்னிரண்டே முக்காலுக்கு
கண்ணாடிக் கதவைத் தள்ளிக்கொண்டு
சாட்டினும் ஜிகினாவுமாய் உள்ளே வந்தார்கள்
என் வகுப்பில் பாதிப் பேர்.
அவர்களுக்கு முன்னால் நுழைந்த
நெப்ராஸ்காவின் மே மாதக் காற்று
நான் மடித்து அடுக்கிய நாப்கின்களைக் கலைத்துப் போட்டது.

நான் ஏப்ரனில் இருந்தேன்.
'நானும் நீலம்தான், பாருங்க' என்றேன்.
சிரித்தார்கள்,
கொஞ்சம் அதிகமாகவே.

ஏழாம் மேசையில்
ட்ரூடி ஹவெல்கா செருப்பைக் கழற்றிவிட்டு
குதிகால் கொப்புளத்தில் ஐஸ் வைத்துக்கொண்டாள்.
வாடகைக் கோட்டில் கை எட்டாமல்
வெய்லன் மணிக்கட்டுகளை மேசைக்கடியில் ஒளித்தான்.
இட்செல் மட்டும்தான் மெனுவைப் படித்தாள்,
வலமிருந்து இடமாக,
விலையிலிருந்து பெயருக்கு.
எனக்கும் அப்படித்தான் படிக்க வரும்.

ஜிம்மில் எப்படி இருந்தது என்று நான் கேட்கவில்லை.
அவர்களே சொன்னார்கள்.
கூடைப்பந்து வளையத்தைக் கறுப்புத் துணியால் மூடியிருந்தார்களாம்,
மூடிய பிறகும் அது
மூடிய கூடைப்பந்து வளையமாகவே இருந்ததாம்.
கூரையிலிருந்து மீன்பிடி நரம்பில்
நாற்பத்தொரு அட்டை நட்சத்திரங்கள்.
ஒவ்வொன்றிலும் ஒரு பெயர், கீழே ஒரு வரி:
என் லட்சியம்.

ஆலோசகர் திருமதி ஹேவர்காம்ப்
மார்ச்சிலேயே எழுதி வாங்கிய வரிகள்.
ட்ரூடி: குழந்தைகள் வார்டில் நர்ஸ்.
வெய்லன்: விமானப்படை
(பல்பு மாற்ற ஏணியில் ஏறினாலே
தலை சுற்றுகிறவன்).
இட்செல்: சட்டம்.
இறைச்சித் தொழிற்சாலையில் அவள் அப்பா
இரண்டு விரல்களை விட்டுவிட்டு வந்த வருஷம்
இழப்பீட்டுப் படிவங்களை நிரப்பியது அவள்தான்.
பன்னிரண்டு வயது.
பேனாவால் எழுது என்று திருப்பி அனுப்பினார்கள்.
மறுபடி எழுதினாள்.

நான் முதலில் எழுதியது:
கிணறு தோண்டுவேன்.
ரிக் லாரி, முந்நூறு அடி,
லீவரில் என் கை.
திருமதி ஹேவர்காம்ப் அன்பாகத்தான் சொன்னார்,
'இன்னும் கொஞ்சம் பெருசா யோசி, ஒடெட்.'
முந்நூறு அடியை விடப் பெரிதாக
எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.
அழித்துவிட்டு
வணிக மேலாண்மை என்று எழுதிக் கொடுத்தேன்.
'அருமை' என்றார்.

கழிவறையில் ட்ரூடியின் ஜிப்பைப் பல்லால் இழுத்துச் சரிசெய்தேன்.
'யாரோடு ஆடினாய்' என்றேன்.
'யாரோடும் இல்லை, எல்லாரோடும்' என்றாள்.
பிறகு கண்ணாடியைப் பார்த்தபடி,
'ஜூன் பதினாலு வெய்லன் கிளம்பறான், தெரியுமா?'
தெரியாது.
நல்லவேளை, கை ஈரமாக இருந்தது;
துடைத்துக்கொண்டே இருக்க முடிந்தது.

திரும்பி வந்தபோது
வெய்லன் கோட்டுப் பைக்குள்ளிருந்து
ஒரு நட்சத்திரத்தை எடுத்து நீட்டினான்.
ஒரு முனை மடங்கியிருந்தது.
'மெதுவான பாட்டு ஓடிட்டிருந்தப்ப என் தலையில விழுந்தது.
உன் பேர் இருந்துது.'
வெள்ளி மினுக்கு அவன் முடியிலும் கொஞ்சம்.
அது விழுந்ததா, இவன் எட்டிப் பறித்தானா,
ஆறடி இரண்டங்குலத்தைப் பார்த்து
எனக்குச் சந்தேகம் வந்தது.
கேட்கவில்லை.

பொரியல் அடுப்பின் சூட்டு விளக்குக்குக் கீழே
அதைச் சாய்த்துப் பிடித்தேன்.
வணிக மேலாண்மைக்கு அடியில்
அழித்த பென்சிலின் பள்ளம் அப்படியே இருந்தது.
அவ்வளவு அழுத்தியா எழுதினேன்?
ஆர்டர் எடுக்கும் பேனாவால்
பள்ளத்தின் வழியே மறுபடி ஓட்டினேன்,
எழுத்து தன்னால் வந்தது.

ஏழாம் மேசை கூப்பிட்டது.
சீட்டுக் கட்டு தீர்ந்திருந்தது.
நட்சத்திரத்தைத் திருப்பி
பின்பக்கம் எழுதிக்கொண்டேன்:
முட்டை எட்டு, ஆறு புரட்டியது,
ஒன்றுக்கு வெங்காயம் வேண்டாம்,
இட்செலுக்கு டோஸ்ட் மட்டும்.
டோஸ்ட்டை அடித்துவிட்டு வாஃபிள் என்று போட்டேன்,
என் கணக்கில்.

சமையல்கார டுவெய்ன்
கம்பியில் குத்துமுன் இரண்டு பக்கமும் படித்தான்.
'கிணறா? இது எந்த மேசைக்கு?'

'அதுக்கு நேரமாகும்' என்றேன்.
'நீ முதல்ல முட்டையைப் போடு.'