தூணிலும் துரும்பிலும்

தூண் என்பது இங்கே ஊர்ப்பெயர்.
ஏரியை விட்டு ஆரே ஆறு இறங்குமிடம்.
ஜன்னலுக்கு வெளியே நிற்கும் மலை நீசென்.
அவர்கள் மொழியில் தும்மல் என்று பொருள்.
நம் மொழியில் அது எப்படி ஒலிக்கிறதென்று
நான் யாருக்கும் சொன்னதில்லை.

மாதத்தில் மூன்று நாள்
தாதி உடுப்போடு வந்து
தாதி வேலை செய்யாமல் நிற்கிறேன்.
மூன்றாம் மாடி, மருந்து வண்டியின் மறைவு,
கையில் ஒரு படிவம்.
நோயாளியைத் தொடுமுன், ஊசிக்கு முன்,
குருதிக்குப் பின், தொட்ட பின்,
தொடாமல் கட்டிலை மட்டும் தொட்ட பின்.
கை தேய்த்தால் ஒரு சரி.
மறந்தால் ஒரு கோடு.

தூணிலும் இருக்கும், துரும்பிலும் இருக்கும்.
கிருமியைச் சொல்கிறேன்.
கதவுப் பிடியில், இரத்த அழுத்தப் பட்டியில்,
டாக்டர் ஏபிஷேர் குனியும்போதெல்லாம்
போர்வையில் உரசும்
அவருடைய அடையாள அட்டையில்.

என்னைக் கண்டால் எல்லாருக்கும் கை நனைகிறது.
ரெகுலா இருமுறை தேய்த்துவிட்டுக் கண்ணடிப்பாள்.
ஏபிஷேர் மட்டும் என்னைக் காண்பதில்லை.
பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு கைகுலுக்கல்,
"தூங்கினீர்களா?" என்று
பதிலுக்குக் காத்திருந்து கேட்பார்.
நோயாளிகளுக்கு அவரைத்தான் பிடிக்கும்.
பன்னிரண்டு கோடு.

சுவர்ப் போத்தலுக்குள் ஓர் எண்ணி இருக்கிறது.
நான் நிற்கும் நாளில் நானூறு அமுக்கல்,
நிற்காத நாளில் நூற்றெழுபது.
அந்த இடைவெளிக்குத்தான்
எனக்குச் சம்பளம் தருகிறார்கள் போல.

துப்புரவு செய்யும் கிராசிண்டா
ஒரு தடவையும் தவறியதில்லை.
நவம்பரில் அவளுக்கு விரலிடுக்கெல்லாம் வெடிப்பு,
மருந்து பட்டதும் பல்லைக் கடிப்பாள்.
அதற்குப் படிவத்தில் கட்டம் இல்லை.

மூன்றாம் நாள் மாலை கூட்டிப் பார்த்தேன்.
முந்நூற்றுப் பதினாலாம் அறை: நூற்றுக்கு நூறு.
மஞ்சள் அட்டை தொங்கும் தனியறை.
மருந்துக்கு மசியாத கிருமியோடு
ஹெர் ட்ஸ்பிண்டன், பால் லொறி ஓட்டியவர்.
நாளைக்குக் கூட்டம். கைதட்டுவார்கள்.

மறுபடி பார்த்தேன்.
மற்ற அறைகளில் அறுபது, எழுபது தொடுகை.
இங்கே மூன்று நாளில் நான்கு.
மேலங்கி, முகக்கவசம், கையுறை
போட்டு முடிக்க இரண்டு நிமிடம்.
இரண்டு நிமிடம் யாரிடம் இருக்கிறது?
சாப்பாட்டுத் தட்டு வாசலோர மேசை வரைக்கும்தான்.
ஏபிஷேர்கூடக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று
கையசைத்துவிட்டுப் போகிறார்.
ஒருவரும் தவறவில்லை,
ஒருவரும் தொடவுமில்லை.
ஒரு மனிதரைக் கைகழுவுவது என்று
தமிழில் சொல்வோமே,
அதை நாளைக்கு எப்படி மொழிபெயர்ப்பேன்?

கவனிப்பவர் தலையிடக் கூடாதென்பது விதி.
படிவத்தை வண்டியில் கவிழ்த்து வைத்தேன்.
உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு,
எல்லாரும் மறக்கும் பெருவிரல், நகநுனி.
மேலங்கிக்கு முதுகில் முடிச்சு.
கையுறை.

அவருக்குத் தண்ணீர் வேண்டாம், வலியும் இல்லை.
மூக்குக்கண்ணாடி கட்டிலுக்கு அடியில் விழுந்து
இரண்டு நாளாகிறதாம்.
மலை தெரியவில்லையாம்.
முழங்காலிட்டுத் துழாவி எடுத்தேன்,
துடைத்தேன், காதோரம் மாட்டிவிட்டேன்.
"உச்சியில் பனி விழுந்துவிட்டது" என்றார்.
பிறகு பலமாகத் தும்மினார்.
"நூறு வயசு" என்றேன் என்னை அறியாமல்.
என்ன என்று அவர் கேட்கவில்லை,
என் கையை மட்டும் கொஞ்சநேரம் விடவில்லை.

வெளியே வந்து
எல்லாவற்றையும் கழற்றி வாளியில் போட்டு
பெருவிரலைத் தேய்க்கும்போதுதான் உறைத்தது.
தரையைத் துழாவிய அதே கையுறையோடு
அவர் முகத்தைத் தொட்டிருக்கிறேன்.

படிவத்தை நிமிர்த்தினேன்.
அறை 314. தொடுகை ஐந்து.
சரி நான்கு, கோடு ஒன்று.
எண்பது விழுக்காடு.
தவறியவரின் தொழில் என்ற கட்டத்தில்
பேனை சற்று நின்றது.
தாதி என்று எழுதினேன்.