கடுகில் காரம் இல்லை

கடுகில் காரம் இல்லை.
பழமொழிக்காரர்கள் கோபிக்க வேண்டாம்,
நேற்று ராத்திரி ஒரு சிட்டிகை எடுத்து
மெல்லாமல் விழுங்கிப் பார்த்தேன்.
மணல் இறங்கியது, அவ்வளவுதான்.

உள்ளே இரண்டு அறை.
ஒன்றில் கந்தகம் கட்டிய சர்க்கரை,
மற்றதில் அதை அறுக்கத் தெரிந்த நொதி.
நடுவே ஈரத்தாள் போல ஒரு சுவர்.
பக்கத்துப் பக்கத்து வீடு,
பேச்சுவார்த்தை கிடையாது.
பல் பட்டு, அம்மி பட்டு, புழு பட்டுச்
சுவர் இடியும்போதுதான்
காரம் பிறக்கிறது,
கடித்தவன் கேட்டு வாங்கிய பதிலாக.

வாலிநோக்கத்தில் ரத்தம் எடுப்பது என் வேலை.
செவ்வாயும் வெள்ளியும் தைராய்டு.
உப்பளத்துப் பெண்கள் வெயில் ஏறுமுன் வருவார்கள்,
பாதமெல்லாம் வெடிப்பு, வெடிப்பெல்லாம் வெள்ளை.
சந்தனமாரிக்கு நரம்பே அகப்படாது.
மூன்றாவது குத்தில் சொன்னாள்:
"உப்புலயே நிக்கிறேன்,
எனக்கு உப்புல கொறைன்னு எழுதுறீக."

முந்தியில் முடிந்துபோகும் அளத்து உப்பில்
அயோடின் இல்லை,
பாக்கெட் உப்பில் இருக்கிறது என்றேன்.
அவள் வாரியதுதான் லாரி ஏறி
ஆலைக்குப் போய் மருந்து பூசிக்கொண்டு
இருபத்தைந்து ரூபாயாகக் கடைக்குத் திரும்புகிறது
என்பதைச் சொல்லவில்லை.
அதை அவள் எனக்குச் சொல்லலாம்.

"கோஸ் சேர்ப்பீங்களா?"
டாக்டர் கேட்கச் சொன்ன கேள்வி.
"மீனு வெலைக்குப் போயிரும்.
சாயல்குடிச் சந்தையில பொழுதடைஞ்சா
பத்து ரூவாய்க்கு ரெண்டு.
தெனமும் அதான்."

முட்டைகோஸுக்கும் அதே இரண்டு அறை.
புழுவுக்கென்று வைத்திருந்தது
அரிவாள்மணையில் கலந்து,
கழுத்தில் பட்டாம்பூச்சி போல் ஒட்டியிருக்கும்
சுரப்பியின் வாசலுக்குப் போய்
அயோடினை முந்திக்கொண்டு நிற்கும்.
அயோடின் போதுமானவர்களை ஒன்றும் செய்யாது.
இல்லாத வீட்டில்தான் அதற்கு வேலை.

நன்றாக வேகவிட்டால் பாதி அடங்கும் என்றேன்.
"வெறகு நீங்க தர்றீகளா?"

ஆஸ்பத்திரிக்குப் பின்னால் ஓர் உகாய் மரம்.
மருந்து கொடுக்கும் செய்யது இபுறாகிம்
அதன் குச்சியில்தான் பல் துலக்குவார்.
ஒருநாள் வாங்கி மென்றேன், மூக்கில் ஏறியது:
கடுகுக்குத் தூரத்துச் சொந்தம்,
உவர் மண்ணில் வாக்கப்பட்டது.
எல்லாரையும் விரட்ட அது விடும் வாசனையை
விலாசமாகப் படித்துக்கொண்டு
ரோஜா நிறச் சிறகுகள் வரும், முட்டையிடும்.
பிறக்கிற புழுவுக்கு அந்தக் காரம்
தாய்ப்பால் மாதிரி.

கங்காணி களஞ்சியமும் பழகியவர்தான்.
மூன்று மாதக் கூலி பாக்கி.
தனித்தனியாக வந்து அழுதார்கள், ஏசினார்கள்,
மண்ணை வாரித் தூற்றினார்கள்.
வெற்றிலை மடிக்கிற கை நிற்கவில்லை.
வடக்குப் பாத்திக்காரிகளிடம்
தெற்குக்காரிகள் பொறுத்துக்கொண்டதாகவும்
தெற்கில் போய்
வடக்குக்குக் கொடுத்து முடித்ததாகவும்
சொல்லி வைத்திருந்தார்.
நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

வெள்ளிக்கிழமை சர்க்கரை பார்க்க வந்தவர்
வரிசையைத் தாண்டி என் முன்னால் உட்கார்ந்தார்.
பஞ்சை எடுத்தேன்.
பின்னாலிருந்து சந்தனமாரி,
யாரிடமும் இல்லாமல், சுவரைப் பார்த்து:
"நாலாயிரத்து எழுநூறு."
கொஞ்ச நேரம் மின்விசிறிச் சத்தம்.
வடக்குப் பாத்தி முத்திருளாயி திரும்பினாள்.
"ஒனக்கும் வரலையா? எனக்கு அஞ்சாயிரத்து நூறு."
"மூவாயிரத்து எண்ணூறு."
"நாலு."
"எம்புட்டு, எம்புட்டு? ஏளா, அங்கயுமா வரல?"

ஊசி கையில் நிற்க
எனக்குக் கண் எரிந்தது.
ஸ்பிரிட்டாக இருக்கலாம்.

அன்று ராத்திரி ரசத்துக்குத் தாளித்தேன்.
காய்ந்த எண்ணெயில் நொதி முதலில் செத்துவிடும்.
கடுகு படபடவென்று வெடிக்கும், சுள்ளென்று இராது.
பச்சையாக அரைத்தால்தான் ஆளை எழுப்பும்.
இதை யாரிடம் சொல்வது என்று தெரியாமல்
தட்டை வைத்து மூடினேன்.

கூலி வந்ததா? பாதி என்றார்கள்.
செவ்வாய்க்கிழமை சந்தனமாரி கையை நீட்டினாள்.
நரம்பு அன்றைக்கும் அகப்படவில்லை.
"வாங்கிட்டேன் ஒங்க பாக்கெட்ட," என்றாள்.
"நம்ம உப்பு மாதிரி கரிக்கல."