பதினாறாம் எண்ணிலிருந்து

பதினான்கை நீங்கள் வாங்கியதில் மகிழ்ச்சி.
சாவி கைமாறிய அன்றே
சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தீர்கள்.
இந்தப் பக்கம் எனக்குக் கேட்டது.
நம் இரண்டு வீட்டுக்கும் அது ஒரே சுவர்,
ஒரு செங்கல்லின் அகலம்.
அந்த உரிமையில் சொல்கிறேன். கேட்கலாம், விடலாம்.

சுத்தியலை எடுக்குமுன்
ஒரு மழைக்காலம் சும்மா குடியிருங்கள்.
எந்த மூலை ஒழுகும் என்பதைக்
குளுகோரின் அக்டோபர் மழை
எந்தக் குத்தகைக்காரரையும்விடத் தெளிவாகச் சொல்லும்.
கூலியும் கேட்காது.

பின்பக்கம் அடுப்படியை நீட்டப் போகிறீர்கள்.
இந்த வரிசையில் எல்லாரும் நீட்டியிருக்கிறோம்.
நானும் நீட்டினேன்,
பைலிங் வேண்டாமென்று
ஆறாயிரம் வெள்ளி மிச்சம் பிடித்து.
பழைய வீடு நின்ற இடத்திலேயே நின்றது.
புது அடுப்படி மட்டும்
யாரோடும் சண்டையில்லாமல், மெல்ல,
பின்சாக்கடையைப் பார்த்து நடக்கத் தொடங்கியது.
இரண்டுக்கும் நடுவே
முதலில் ஒரு மயிரிழை.
அடுத்த வருடம் ஐம்பது காசு நுழைந்தது.
அதற்கடுத்த வருடம்
பல்லி.

மாடிக் குளியலறைத் தரையை நம்பாதீர்கள்.
டைல் ஒட்டுமுன் வடிகாலை அடைத்து
இரண்டு விரல் உயரம் தண்ணீர் கட்டுங்கள்,
இரண்டு நாள்.
கீழே கூரைப்பலகையில் வட்டம் விழாவிட்டால்
பூசியவருக்குப் பணம் கொடுங்கள்.
ஒட்டி முடித்ததும் உங்கள் மகனின் கோலிக்குண்டை விடுங்கள்.
வடிகாலுக்கு உருண்டால் சரி.
கதவுக்கு உருண்டால்
ஆ ஹோக் எவ்வளவு சிரித்தாலும்
பெயர்க்கச் சொல்லுங்கள்.

ஆ ஹோக்கைத்தானே பிடித்திருக்கிறீர்கள்?
இந்தத் தாமானுக்கே அவர்தான். நல்லவர்.
நல்லவருக்கும் பத்தில் ஒரு பங்கைக்
கடைசிக் கதவைப் பூட்டித் திறந்து பார்த்த பிறகு கொடுங்கள்.
முழுப் பணம் வாங்கியவரின் காதுக்குத்
தொலைபேசி மணி கேட்பதில்லை.
அது மனித சுபாவம், வருந்த ஒன்றுமில்லை.

வயரும் குழாயும் ஓடும் சுவரைப்
பூசி மூடுமுன் படமெடுங்கள்,
அளவு நாடாவைப் பக்கத்தில் பிடித்து.
டைல் ஒரு பெட்டி கூடுதல் வாங்குங்கள்,
அதே எண், அதே சூளை.
நான் வாங்கவில்லை.
என் முன்னறையில் ஒரே ஒரு டைல் வேறு வெள்ளை.
வருகிறவர்கள் எல்லாரும்
சரியாக அதன்மேல் வந்து நிற்கிறார்கள்.

இன்னொன்று. இது அறிவுரை இல்லை, வேண்டுகோள்.
மாடியில் உங்கள் பெரிய அறைக்கு இந்தப் பக்கம்
என் கணவர் பத்துமலை தூங்குகிறார்.
பாயான் லெப்பாஸில் இரவு ஷிப்ட்,
காலை ஒன்பதிலிருந்து மூன்று வரைதான் அவருக்கு ராத்திரி.
அந்தச் சுவரை மட்டும் மாலையில் கொத்துங்கள்.
இடி விழுந்தாலும் எழாத மனிதர்,
சுவர் அதிர்ந்தால் எழுந்துவிடுவார்.
விரிசல் வளர்கிறதென்று
கைலியோடு கீழே ஓடுவார்.

ஆம், விரிசல்.
உங்களுக்கும் விழும், எங்காவது.
பார்த்ததும் பூசி மறைத்துவிடாதீர்கள்.
இரண்டு முனையிலும் பென்சிலால் கோடிழுத்துத்
தேதி போடுங்கள்.
கோட்டைத் தாண்டினால் அதற்கு உயிர் இருக்கிறது,
ஆளைக் கூப்பிடுங்கள்.
தாண்டாவிட்டால் தேநீர் போடுங்கள்.

என் அடுப்படியில் பதினொரு தேதிகள்.
கீழே உள்ளவை என் கையெழுத்து.
விரிசல் என் உயரத்தைத் தாண்டியதும்
அவர் எழுத ஆரம்பித்தார்.
கடைசித் தேதி
போன தைப்பூசத்துக்கு மறுநாள்.
அதற்குப் பிறகு அது நகரவில்லை.

பென்சிலை மட்டும் எடுக்கவில்லை.
ஆணியில், நூலில், தொங்குகிறது,
முனை சீவி.

கனகமலர்,
எண் 16