சரக்கின் பெயர்

செஸ்டர் நகரச் சந்தை, ஆயிரத்து அறுநூற்றுப் பதினொன்று,
நவம்பர், கணுக்கால்வரை சகதி.
கிரிசெல் ஸ்க்ரைம்ஷாவின் கூடையில் மெட்லர் பழங்கள்.
பழுப்பு நிறம். காம்புக்கு எதிர்ப்புறம்
ஐந்து இதழ் விலகி ஒரு குழி.
கனிந்தால் போதாது, அழுகினால்தான் தின்னலாம்.

முதலில் அந்தக் குழியைப் பார்த்த
யாரோ ஒரு சாக்சன் உழவன்
அதிகம் யோசித்திருக்க மாட்டான்.
ஓப்பன்-ஆர்ஸ்.
விரிந்த குண்டி.
அறுநூறு வருஷம் அதுதான் பெயர்,
பாதிரியார்கூட அப்படித்தான் கேட்டு வாங்கினார்,
வாயில் முந்தின பழத்தின் கொட்டையோடு.
மெட்லர் என்பது பிரெஞ்சு வழி வந்த
மேசை மரியாதை.

கிரிசெல் கூவி விற்றதில் தப்பில்லை.
கூவும்போது எதிரே வந்தவள்
தோல் பதனிடுபவன் மனைவி தாமசின் பெல்வுட்.
அவளைப் பார்த்து ஒருமுறை.
அவள் கடந்து போனதும்
பின்னாலிருந்து இன்னொரு முறை,
இன்னும் நீட்டி.

வழக்கு ஆயர் நீதிமன்றத்துக்கு வந்தது.
எழுத்தர் ஏம்புரோஸ் டாட் லத்தீனில் எழுதுகிறார்:
மேற்படியாள், மேற்படி நாளில், மேற்படி இடத்தில்…
அந்த இடம் வந்ததும் இறகு நிற்கிறது.
லத்தீனிலும் அந்தப் பழத்துக்குப் பெயர் உண்டு.
அதைச் சொல்லி யாரையும் அழவைக்க முடியாது.
ஆங்கிலத்தில் எழுதுகிறார்,
அந்த ஒரு சொல்லில் மட்டும்
மை கூடுதலாக இறங்கியிருக்கிறது.

"என் சரக்கின் பெயரைத்தான் சொன்னேன், ஐயா.
நீங்கள் என்ன சொல்லிக் கேட்பீர்கள்?"

நீதிபதி இருமியதாகப் பதிவில்லை.
நான் சேர்த்துக்கொள்கிறேன்.

சாட்சிகள் மூவர்.
ஒருத்தி: "வாயால் பழத்தைச் சொன்னாள், கண்ணால் மற்றதை."
ஒருவனுக்குக் காது கேட்காது.
மூன்றாமவன் அன்று ஒரு படி வாங்கியிருக்கிறான்,
நன்றாக இருந்தது என்கிறான்.

தீர்ப்பு இருந்த பக்கத்தை
எலி தின்றுவிட்டது.

ஆவணக் காப்பகத்தில் பென்சிலுக்கு மட்டும் அனுமதி.
அகராதிக்காக அட்டை எழுதுகிறேன்:
சொல், ஆண்டு, மேற்கோள்.
பொருள் என்ற கட்டத்தில் "ஒரு பழம்" என்று எழுதி
நிறுத்துகிறேன்.
பழத்துக்காக யாரும் வழக்குப் போடுவதில்லை.
கீழே இரண்டு என்று எண் போட்டு
காலியாக விடுகிறேன்.

மூடும் மணி அடித்தாயிற்று.
சாவியோடு வந்த மேற்பார்வையாளர் வினிஃப்ரெட்
இன்று என்ன கிடைத்தது என்கிறார்.
பழம், என்கிறேன்.
அவர் என் முகத்தையே பார்க்கிறார்.