காது வைத்த காசு

நாற்பத்திரண்டு கிராம்.
அடுத்தது ஏழு குறைச்சல்.
வெள்ளிதான், உரசாமலே தெரிகிறது.
பினாங்கு வீதிக் கிட்டங்கியைக்
காப்பிக்கடைக்கு விட்டாயிற்று.
இரும்புப் பெட்டியைக் காலி செய்ய
என்னைத் தராசோடு வரச்சொன்னார்கள்.

சுருக்குப்பையில் மூன்று.
வெளிர்நீல நாடா, மஞ்சள் கரை: கிரிமியா.
வெள்ளையில் இரண்டு சிவப்புக் கோடு: லக்னோ.
மூன்றாவதன் நாடாவைப் பூச்சி தின்றுவிட்டது,
சீனத்துக் கோட்டை ஒன்றின் பெயர் மட்டும் மிச்சம்.
விளிம்பைச் சுற்றிப் பொடி எழுத்தில்
ஆல்பெரிக் டிரஹெர்ன்.

தேடினேன். பிரபு வீட்டு மூன்றாம் பிள்ளை.
பதினாறு வயதில் அப்பா வாங்கிக் கொடுத்த பதவி.
அந்தக் காலத்தில் பட்டாளத்துப் பதவிக்கு விலை உண்டு,
மாட்டுச்சந்தை மாதிரி,
பல்லைப் பிடித்துப் பார்க்க மாட்டார்கள், அவ்வளவுதான்.
பிறகு கேப்டன், பிறகு மேஜர்,
விலை ஏற ஏற மீசையும்.
முழங்காலில் ஒரு ரஷ்யக் குண்டு.
அது இனாம்.

கடைசியில் பேராக்.
ஆற்று வழி, அட்டைக்கடி, குளிர்காய்ச்சல்.
அதற்கான பதக்கம் லண்டனில் இன்னும் அடிக்கவே இல்லை,
அதற்குள் இங்கே சீட்டாட்டத்தில்
மேஜர் துரை தோற்றிருந்தார்.

பேரேட்டில் தாது வருஷம், ஆவணி.
கணக்கப்பிள்ளைக்குக் கிரிமியா எந்தத் திசையென்று யார் சொன்னது?
எழுதியிருக்கிறார்:
‘ராணி தலைக் காசு மூணு. காது வைத்தது.
கடையில் செல்லாது.
வெள்ளி மதிப்புக்கு மட்டும், மூணு வெள்ளி.
துரை நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார்.’

தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.
பிறகு விரல் இரண்டு வரி இறங்கியது.
‘குஞ்சாயி. போன மாசக் கப்பல்.
தோடு ஒரு சோடி. கைநாட்டு.’
தாது வருஷத்துக் கப்பல்.
ஊரில் என்ன தின்றுவிட்டு ஏறினாள் என்று
கேட்காமலே தெரியும்.

அவள் வரிக்கு எதிரே வேறு மையில்,
ஏழு வருஷம் கழித்து:
‘வட்டியும் முதலும் தீர்ந்தது. தோடு கொடுத்தாச்சு.’
துரை வரிக்கு எதிரே
ஒரே சொல்:
மூழ்கியது.

அந்தத் துரையின் வயதான படம் ஒன்று இருக்கிறது.
அரண்மனை விருந்து, நெஞ்சு நிறைய நாலு பதக்கம்.
பேராக்கில் வாங்கியது நாலாவது.
மற்ற மூன்றும்
எந்தத் தட்டான் கைவேலையோ.

சிங்கப்பூரிலிருந்து வாங்க வந்தவர் உதட்டைப் பிதுக்கினார்.
‘அசல் மூன்றும் அவர்கள் மாளிகையில்
கண்ணாடிக்குள் இருக்கின்றன அம்மா.
நானே பார்த்திருக்கிறேன்.
இது போலி.’

பேரேட்டைத் திருப்பிக் காட்டலாம்தான்.
அவருக்குத் தமிழ் தெரியாது.
மூன்றையும் தட்டில் போட்டேன்.
வெள்ளி மதிப்புக்கு மட்டும் என்று
என் ரசீதிலும் எழுதினேன்.

அன்று வெளியே வந்தபோது நல்ல மழை.
குஞ்சாயி தோடு என்ன எடை என்று
பார்க்காமல் வந்துவிட்டேன்.