விசில் வராமல்

பேஸ்டிங் செக்‌ஷனில் மணிக்கு அறுபது ஜோடி.
பிரஷ்ஷை முக்கி, தோலில் இழுத்து,
கன்வேயரில் வைக்கவேண்டும்.
ஒரு நொடி பிந்தினால்
ஷூ நிற்காது, போய்விடும்.
நான்தான் நிற்பேன்
ஜெயவேலு சார் மேஜைக்கு எதிரில்.

பசை வாசனை முதல் வருஷம் மூக்கோடு இருந்தது.
இரண்டாம் வருஷம் தொண்டைக்கு இறங்கியது.
மூன்றாவது மார்கழியில்
மாதனூர் பஸ்ஸில்
படிக்கட்டுக்கும் சீட்டுக்கும் நடுவே
மூச்சு மட்டும் தனியாக இறங்கிக்கொண்டது.

ஆம்பூர் பஜாரில் நீல இன்ஹேலர் கொடுத்தார்கள்.
"அமுக்கும்போதே இழுக்கணும்."
பாடம் அவ்வளவுதான்.
அமுக்கினேன். இழுப்பதற்குள்
நாக்கில் படிந்து கசந்தது.
அடுத்த தடவை முந்திக்கொண்டு இழுத்தேன்.
அமுக்குவதற்குள்
நெஞ்சு வெறுங்காற்றால் நிரம்பிவிட்டது.
இங்கேயும் கன்வேயர்தான்.
தப்பினது தப்பினதுதான்.
இருநூறு தடவைக்கான மருந்தில் முக்கால்வாசி
என் நாக்குக்குச் செய்த வைத்தியம்.
நாக்குக்கு ஆஸ்துமா இல்லை.

வேலூருக்கு ஒருநாள் சம்பளத்தை விட்டுப் போனேன்.
டோக்கன் அறுபத்து நான்கு.
சிஸ்டர் ஹெப்சிபா
"எப்பிடி எடுக்கிறேன்னு காட்டும்மா" என்றாள்.
காட்டினேன். சிரிக்கவில்லை.
"பாதிப் பேர் இப்பிடித்தான்" என்று
டிராயரைத் திறந்தாள்.
பிளாஸ்டிக் குடுவை.
அரை லிட்டர் பாட்டிலைவிடக் குட்டை,
ஒரு முனையில் வாய், மறுமுனையில் மருந்துக்கு ஓட்டை.

"குலுக்கு. மூச்சை வெளிய விடு.
பல்லுக்கு நடுவுல வெச்சு உதட்டை மூடு.
ஒரே ஒரு அமுக்கு.
இப்ப இழு."

அமுக்கினேன்.
குடுவைக்குள் வெள்ளையாய்
ஒரு சின்ன மூட்டம்
நின்றது.
நான் தடுமாறி ஒரு நொடி பிந்தினேன்.
அப்போதும் நின்றது.

பயத்தில் வெடுக்கென்று இழுத்துவிட்டேன்.
விசில்!
"வேகமா இழுத்தா கத்தும்மா.
விசில் வராம இழு.
இழுத்துட்டு பத்து எண்ற வரைக்கும் அடக்கு."

விசில் எனக்குப் புதுசா?
குக்கர் மூன்று அடித்தால் டப்பா கட்டணும்,
கண்டக்டர் இரண்டு அடிப்பதற்குள் ஏறணும்,
எட்டு மணிச் சங்குக்குள் கார்டு தேய்க்கணும்.
முப்பத்தோரு வயதில்
மெதுவா என்று சொல்ல
அன்றைக்குத்தான் ஒன்று ஊதியது.

வீட்டில் கதிரவன் அதை ராக்கெட் என்கிறான்.
ஞாயிற்றுக்கிழமை சோப்புத் தண்ணீரில் அலசி
ஜன்னலோரம் சாய்த்து வைக்கிறேன்.
துணியால் துடைக்கக் கூடாதாம்,
துடைத்தால் சுவரே மருந்தைப் பிடித்துக்கொள்ளுமாம்.
பாத்திரம் சொட்டச்சொட்டக் கிடந்தால்
கை பரபரக்கும் எனக்கு.
இது ஒன்றைத்தான் தானாகக் காயவிடுகிறேன்.

முதல் நாள் கேன்டீனில் எடுத்தபோது
"இன்னாடி அது, பால் புட்டியா?"
மேஜையே சிரித்தது.
மறுநாளிலிருந்து பாத்ரூம் பக்கம்.
தஸ்லீமா மட்டும் கூடவே வந்தாள்,
காவலுக்கு என்று நினைத்தேன்.
நாலாம் நாள் குடுவையைத் திருப்பிப் பார்த்து
"இன்னா வெல கீது இது?" என்றாள்.
பேர்ணாம்பட்டில் அவள் புருஷன்
ராத்திரியெல்லாம் சுவரில் சாய்ந்தே தூங்குகிறான்.
பதினெட்டு வருஷம் தோல் ஷாப்பில் டிரம் சுற்றியவன்.

பசை அப்படியேதான் இருக்கிறது.
வெளிநாட்டு பையர் வரும் நாளில்
ஆளுக்கொரு மாஸ்க் தருவார்கள்,
சாயங்காலம் எண்ணித் திரும்ப வாங்குவார்கள்.
குடுவை அதற்கு ஒன்றும் செய்யாது.

இன்று கேன்டீனிலேயே எடுத்தேன்.
சிரிக்கிறவர்கள் சிரித்தார்கள்.
குலுக்கி, விட்டு, கவ்வி, அமுக்கி,
மூட்டம் காத்திருக்க
விசில் வராமல் இழுத்தேன்.
அடக்கி எண்ணிக்கொண்டிருக்கிறேன்.
ஆறில் சங்கு ஊதுகிறது.
பெஞ்சுகள் கிரீச்சிட எல்லாரும் எழுந்து ஓடுகிறார்கள்.
ஜெயவேலு சார் வாசலில் கைக்கடிகாரத்தோடு.

ஏழு.

எட்டு.